பாதி ரசம்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு விஜயராணி அத்தையின் அழைப்பு வந்தது. பாயா ரும்புட்டில் என் வீட்டுக் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தேன். "மாமா எழுந்திரிக்க மாட்டேங்கறாரு, திலகா," என்றார். பிறகு, "கை சில்லுன்னு இருக்கு." மாமாவின் வீடு இருக்கும் பெம்பானுக்குப் போகிற வழி முழுக்க எனக்குள் ஒரே கேள்விதான்: நான் சாப்பிடச் சொன்ன மீனா இதைச் செய்தது?

இருளாண்டி மாமா என் அம்மாவின் தம்பி. அறுபத்துமூன்று வயது. பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் செம்பனைக்கு மாறியபோது வெளியே வந்து, பக்கத்து ஊரான செங்கில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். எதையும் திறந்து பார்க்காமல் நம்பமாட்டார். புதிதாக வாங்கிய ரைஸ் குக்கரின் அடிப்பாகத்தை அன்றே கழற்றிவிட்டார். அன்று இரவு எல்லோரும் ரொட்டி சாப்பிட்டார்கள்.

இரண்டரை வருடத்துக்கு முன் அவருக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், அதற்கென்று படித்தவள். வீட்டில் என் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு அதிகம். "ஆட்டெறச்சிய விட்டுட்டு மீன் சாப்பிடுங்க மாமா, நெஞ்சுக்கு நல்லது," என்றேன். எந்த மீன் என்று சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கும் படுக்கையிலிருந்து எழுந்தவருக்கும் சுறாப் புட்டுதான் பத்தியம். அத்தை வாரத்துக்கு நான்கு நாள் சுறா செய்தார். மற்ற நாட்களில் தெங்கிரி என்று நாங்கள் சொல்லும் வஞ்சிர மீன் வறுவல்.

சென்ற அக்டோபரில் மாமா வழக்கமான இதயப் பரிசோதனைக்குப் போன இடத்தில், மீன் அதிகம் சாப்பிடுகிறவர்களின் தலைமுடியில் பாதரசம் எவ்வளவு என்று ஓர் ஆய்வுக்குழு அளந்துகொண்டிருந்தது. யாரும் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"முடி மாசம் ஒரு சென்டிமீட்டர் வளருது. மூணு சென்டிமீட்டர் வெட்டுனா மூணு மாசம் நான் என்னா தின்னேன்னு அதுல இருக்குமாம். போலீஸ் மாதிரி லா!"

முடிவு டிசம்பரில் என் போனுக்குத்தான் வந்தது. குழு எதிர்பார்த்த அளவைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. கடையில் கூட்டம். அவசரமாக அத்தையை அழைத்து, "மாமாவுக்குப் பாதரசம் கூடிப்போச்சு அத்தை, கொறைக்கணும். வந்து வெவரமா சொல்றேன்," என்றேன். "சரிம்மா," என்றார்.

நான் போவதற்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. மாமா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்னா மருந்துக்காரி, என் ரசத்துல ஏன் கைய வச்ச? மூணு வாரமா பாதி டம்ளர்தான் ஊத்துறா."

"அவ சொன்னதத்தான் செய்யறேன்," என்றார் அத்தை. "பாதி ரசம் கூடிப்போச்சு, கொறைக்கணும்னு சொன்னியா இல்லியா?"

உள்ளே மேசையில் மாமாவின் தட்டில் சுறாப் புட்டு குவிந்திருந்தது. மாமா புரையேறச் சிரித்தார். "பாதரசம்டி! பழைய தர்மாமீட்டருக்குள்ள ஓடுமே, அது!"

அத்தை சிரிக்கவில்லை. "அது எப்படி மீனுக்குள்ள போச்சு?" என்றார்.

மாமா சிரிப்பை நிறுத்திவிட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கடலில் கலக்கும் பாதரசம் நுண்ணுயிர்கள் வழியாகச் சின்ன மீனுக்குப் போகிறது, சின்னதைத் தின்னும் பெரியதில் சேர்ந்துகொண்டே போகிறது என்று. மாமா நம்பவில்லை. அடுத்த ஞாயிறு பாசாரிலிருந்து குடல் எடுக்காத தெங்கிரி ஒன்றையும், கெம்போங் என்று இங்கே எல்லோரும் சொல்லும் கானாங்கெளுத்தி அரைக் கிலோவையும் வாங்கி வந்து, தொட்டியில் போட்டு என்னைக் கூப்பிட்டார். தெங்கிரியின் வயிற்றைக் கீறினார். உள்ளே பாதி கரைந்த மூன்று சின்ன மீன். கெம்போங்கின் வயிற்றைக் கீறினார். பழுப்பாகச் சேறு மாதிரி ஏதோ இருந்தது.

"இவன் சேத்தத் தின்னான். அவன் இவனத் தின்னான்." கத்தியை நீட்டியபடி நின்றார். "அப்ப ஒரு சுறா வயசான காலத்துல எத்தன பேரு சாப்பாட்டச் சாப்பிட்டிருக்கும்!"

"அந்தச் சுறாவ நீங்க," என்றார் அத்தை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நெத்திலியும் கெம்போங்கும்தான். பாதரசம்தான் இதயத்தைக் கெடுத்ததா என்று மாமா என்னைக் கேட்டபோது, படித்துப் பார்த்ததை அப்படியே சொன்னேன். சில ஆய்வுகளில் உடம்பில் பாதரசம் கூடியவர்களுக்கு மாரடைப்பு அதிகம். சிலவற்றில் தொடர்பே தெரியவில்லை. மீனில் இதயத்துக்கு நல்லதும் சேர்ந்தே இருப்பதால் பிரித்துச் சொல்வது கடினம். "ஒனக்கே தெரியாதா?" என்று கேட்டார். ஏமாற்றத்தைவிட உற்சாகம்தான் அந்தக் குரலில் இருந்தது. மீனை மாற்றினால் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பாதியாகக் குறையும் என்றேன். ஏப்ரலில் மறுபடி முடி கொடுத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

மார்ச்சில் மாசி மகத்துக்குச் சன்னாசிமலைக் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஸ்டென்ட் வைத்தபோது செய்த வேண்டுதல்.

"மாமா! டெஸ்டுக்கு முடிய எங்க போய்த் தேடறது?"

"வேண்டுதல நான் மறந்தாலும் ஒங்கத்த விடுவாளா? இரு லா, வளரும். இனி வளர்றது பூரா கெம்போங் முடி. சுத்தமான கணக்கு."

பரிசோதனையை ஜூனுக்குத் தள்ளினோம். ஞாயிறுதோறும் அத்தை அவர் பின்கழுத்தில் அடிக்குச்சி வைத்து முடியை அளந்தார்.

மே நடுவில் வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது. குளிப்பாட்டுவதற்கு ஆட்கள் தண்ணீர் எடுத்து வைத்தார்கள். அத்தை என்னை மாமா கிடந்த அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"முடி எடுக்கணுமா?"

ஆய்வுக்குழுவை அழைத்தேன். போனை எடுத்த பெண்ணிடம் விவரம் சொன்னேன். குடும்பத்துக்குச் சம்மதம் என்றால் அனுப்பலாம், இரண்டு சென்டிமீட்டர் முடிதான் வளர்ந்திருக்கிறது என்றால் இரண்டு மாதத்துக்கு மட்டும் சொல்ல முடியும் என்றார். எதனால் இறந்தார் என்பதை அது சொல்லாது என்பதை இரண்டு முறை சொன்னார்.

"சொல்லாதாம் அத்தை."

"கொறைஞ்சிச்சா இல்லியான்னு சொல்லுமில்ல? அவருக்கு அதானே தெரியணும்." கத்தரிக்கோலை என் கையில் வைத்தார். "வெட்டு. ஒனக்கும் தெரியணும். எனக்கு வெளங்காமலா இருக்கு."

வெட்டினேன். உறையில் போட்டு ஒட்டியாயிற்று. அதோடு ஒரு படிவமும் போகவேண்டும்: மாதவாரியாக என்ன மீன், எத்தனை முறை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலை அத்தை சொல்லச் சொல்ல எழுதினேன். ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். எல்லாம் நெத்திலி, கெம்போங். மே என்றதும், "அவரு ஆசப்பட்டுக் கேட்டாரு..." என்று தொடங்கியவர், நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

ஒன்பது நாளாகிறது. மே மாதக் கட்டத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.