ஃபரிதா அக்காவின் இரண்டாவது பிலிம்

ஃபரிதா அக்கா இறந்துவிட்டார்.

கடையில் கஸ்டமருக்குப் புடவை விரித்துக்கொண்டிருந்தபோது அக்கா மகனின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்தேன்... ஹார்ட் அட்டாக். நேற்றே அடக்கமும் முடிந்துவிட்டது.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. மயிலாப்பூரில் ஒரு சின்ன பல் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுப்பவர்.

பத்து வருஷம் இருக்கும். மாம்பலத்தில் எங்கள் தெருவில் மகளுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு எட்டு வயது. விடவே மாட்டேன் என்று சத்தியம் செய்து சீட்டைப் பிடித்து ஓடியவன், பாக்கெட்டில் போன் அடித்ததும் விட்டுவிட்டேன்.

விழுந்தவளுக்கு முன்பல்லில் பாதி இல்லை. கீழுதடு கிழிந்து, பன் மாதிரி வீங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை... திறந்திருந்தது அந்த கிளினிக் ஒன்றுதான்.

உடைந்த துண்டு எங்கே என்று டாக்டர் கேட்டார். ரோட்டில் முட்டிபோட்டுத் தேடி எடுத்ததைப் பெருமையாக நீட்டினேன். அது டைல்ஸ் சில்லு.

துண்டு மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் ஆபத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைப் படம் எடுக்கவேண்டும் என்றார். அதற்கு முன் உதட்டைத் தைத்துவிடலாம் என்று ஊசியை எடுத்தார்.

அக்கா வீங்கின உதட்டை வெளியிலிருந்து லேசாகத் தொட்டுப் பார்த்தார்.

"சார், உள்ள ஏதோ கெட்டியா கீது. ஒரு பிலிம் போட்டுப் பாத்துட்டுத் தைங்களேன்."

தபால்தலை அளவு பிலிம். அதை உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் வைக்கவேண்டும். கதிர் விடுவது பல்லுக்கு எடுப்பதில் பாதி நேரம்தான்... அதிகமானால் படம் கறுத்துப்போய், சதைக்குள் இருப்பது தெரியாதாம்.

எக்ஸ்ரே எடுப்பவர் அதைப் பிடிக்கக்கூடாது. தினமும் கதிர் படக்கூடாது என்று கட்டளை. கூட வந்தவர்தான் பிடிக்கவேண்டும். மகளுக்கு ஒரு ஈய ஏப்ரன், எனக்கு ஒன்று.

பிடித்தேன். அக்கா வெளியே போய் பட்டனை அழுத்தினார். பிலிமைக் கழுவி எடுக்க ஐந்து நிமிஷம். அதற்குள் மனைவி மூன்று முறை போன் செய்துவிட்டாள். நான் எடுக்கவில்லை.

பிலிம் வந்தது. வெள்ளையாக, தெளிவாக ஏதோ தெரிந்தது. அதோ துண்டு என்று கத்தினேன்.

அக்கா லைட்டில் தூக்கிப் பார்த்தார். "அது உன் விரல் எலும்பு நைனா. யாருக்கு எடுக்கறோம்... உனக்கா, கொயந்தைக்கா?"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ரத்தம் நிற்கவில்லை. இன்னும் ஒரே ஒரு பிலிம், இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றார்.

மகளுக்கு அழுகையில் உடம்பெல்லாம் ஆடியது. அக்கா அவளை வலது காலைத் தூக்கி, அப்படியே அந்தரத்தில் வைத்திருக்கச் சொன்னார். நினைப்பெல்லாம் காலுக்குப் போனதும் வாய் அசையாமல் நின்றது. பதற்றத்தில் நானும் காலைத் தூக்கியிருந்தேன். "உன்ன சொல்லல" என்றார்.

பிலிமின் ஓரத்தை மட்டும் நுனிவிரலால் பிடிக்கச் சொன்னார். எச்சில், ரத்தம், வழுக்கல். மூச்சை அடக்கிக்கொண்டேன். பட்டன் சத்தம் கேட்டது.

மறுபடியும் ஐந்து நிமிஷம்... அதை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள்.

இந்த முறை விரல் இல்லை. சாம்பல் நிற உதட்டுக்குள், சோளப்பொரியின் உடைந்த ஓரம் மாதிரி ஒரு வெள்ளைத் துண்டு.

டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு இடுக்கியை எடுத்தார். அந்தத் துண்டையே அந்தப் பல்லில் ஒட்டியும் கொடுத்தார்.

அக்கா என் ஏப்ரனைக் கழற்றிவிட்டார். "வேலை ஆச்சு. இப்ப நடுங்கிக்கோ நைனா" என்றார். உட்கார்ந்து நடுங்கினேன்.

அப்புறம் ரம்ஜானுக்கு ரம்ஜான் என் கவுன்டருக்கு வருவார். இந்த ஆளை எனக்கு எலும்பு வரைக்கும் தெரியும் என்று சேல்ஸ் பெண்களிடம் சொல்லிவிட்டுத்தான் புடவையையே தொடுவார். இந்த வருஷம் வரவில்லை. ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்... ஒரு போன் செய்திருக்கலாம்.

மகள் காலேஜில் இருந்தாள், போனில் சொன்னேன். "அவங்க வூட்டுக்கு நீ மட்டும் போயிடாதப்பா, நான் வரேன்" என்றாள்.

கடையில் பர்மிஷன் சொல்லிவிட்டேன். மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் அவளுக்காக நிற்கிறேன்.

போய் வாருங்கள், அக்கா.