வெள்ளை படியாத தட்டு

சகாயமேரி மரக்காணம் உப்பளத்து வெயிலில் வளர்ந்தவள். பதினோரு வருஷமாகப் பாண்டி ரோட்டு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் டெக்னீஷியன். உப்புத் தண்ணியைத் தாங்கட்டும் என்று மரபணுவை வெட்டித் திருத்திய நெல் நாற்றுகளைத் தட்டுத்தட்டாக வளர்ப்பது அவள் வேலை. உப்புத் தண்ணி ஊற்றியதில் மூன்று தட்டுகள் கருகிப்போயின. ஒரு வாரம் லீவு முடிந்து வந்து பார்த்தால் நாலாவது தட்டு பச்சைப்பசேலென்று ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் ராகவேந்தரின் மேசைமேல் நிற்கிறது. ஜெயித்துவிட்டதாக அவர் ரிப்போர்ட்டே எழுதி அனுப்பிவிட்டார்.

சகாயமேரி தட்டின் விளிம்பைத் தடவினாள். உப்புத் தண்ணி காய்ந்த இடத்தில் வெள்ளை படியும். இதில் பொட்டு வெள்ளை இல்லை.

"சார், இதுக்கு யாரும் உப்புத் தண்ணியே ஊத்தலைங்க."

"டெக்னீஷியன் வேலைய மட்டும் பாரும்மா. அடுத்த மாசம் உங்க ஊர்லயே நடவு போடப்போறோம், சந்தோஷப்படு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆள் பேச்சை நம்பி, உப்பேறிப்போன வயலில் இறங்கப்போவது அவள் அண்ணன்கள் அல்லவா?

மறுநாள் காலை ஒரு கேனைக் கொண்டுவந்து அவர் மேசைமேல் டொக்கென்று வைத்தாள்.

"எங்க வயக்காட்டுக் கெணத்துத் தண்ணி சார். ரிப்போர்ட்ல நீங்க எழுதின அதே அளவு உப்புதான் இருக்குது, மீட்டர் வெச்சே பாத்துட்டேன்."

மூடியைத் திருகிக் கேனைத் தட்டின்மேல் சாய்த்தாள்.

டாக்டர் பதறிப்போய்க் கேனைப் பிடித்து இழுத்தார்.

"ஐயையோ, ஊத்தாதம்மா! செத்துடும்!"