சத்தம் போடாதது

ராமக்காளுக்கு அது முதலில் பட்டப்பகலில்தான் கேட்டது. மைசூர் தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டில் ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். வலது காதுக்குப் பின்னால் யாரோ நடந்து வருவது போலிருந்தது. திரும்பினால் ஆளில்லை. சும்மா உட்கார்ந்தால் நடை மெதுவாகும். குடத்தைத் தூக்கினால் ஓட்டமாகிவிடும். அவள் என்ன செய்கிறாள் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

கௌதள்ளி கிராமத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, ஜட்கா ஓட்டும் அண்ணன் சென்னப்பனிடம் வந்து சேர்ந்தவள் அவள். செத்தவன்தான் பின்தொடர்கிறான் என்றார்கள் தெருப் பெண்கள். மாதேஸ்வரன் மலைத் திருநீறு பூசினார்கள், கயிறு கட்டினார்கள். நடை நிற்கவில்லை. ஒரு காலையில் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி, பிசைந்து வைத்த பத்திமாவில் விழுந்தது. சென்னப்பன் பயந்துபோய் ஜட்காவிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

டாக்டர் நம்பி மேலுகோட்டைக்காரர், தமிழ் பேசுகிறவர். அவள் கையில் துணிப்பட்டையைச் சுற்றி ரப்பர் உருண்டையை அமுக்கினார். கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறியது. காற்றை மெல்ல விட்டதும் அது இறங்கிக்கொண்டே துடித்தது. ராமக்காள் அதையே பார்த்தாள். காதில் ஒவ்வொரு அடி விழும்போதும் பாதரசமும் துள்ளியது.

"இதுதானுங்க. என் பின்னாடி வர்றது இதுதானுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. அது அவளுடைய ரத்தம்தான், குழாய்களில் அழுத்தம் மிஞ்சிப்போனதால் காதில் கேட்கிறது என்றார். இதை அடியோடு விரட்டும் மருந்து கிடையாது. உப்பு, ஊறுகாய், கருவாட்டை விட வேண்டும், உடம்பை அலட்டக்கூடாது, மாதாமாதம் வந்து பார்க்க வேண்டும்.

"சத்தம் அடங்கிட்டா சரியாயிடுத்துன்னு நினைக்காதேம்மா. முக்கால்வாசிப் பேருக்கு இது சத்தமே போடாது."

சென்னப்பன் வேடிக்கையாகத் தன் கையையும் நீட்டினான். பாதரசம் ஏறியது. டாக்டர் இறக்கிவிட்டு மறுபடி பார்த்தார். தங்கையினுடையதைவிட வெகு உயரத்திலேயே துடிப்பு தொடங்கியது.

"எனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லீங்களே" என்றான் அவன்.

வண்டியோட்டுவதைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொன்னார் டாக்டர். மெஷின் கெட்டுப்போயிருக்கிறது என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான் சென்னப்பன். அவள் உப்பில்லாமல் களி கிண்டினால், கல்லுப்பை நுணுக்கித் தூவிக்கொண்டான். மத்தியானம் அவன் அசந்து தூங்கும்போது ராமக்காள் அவன் தலைமாட்டில் குனிந்து கேட்பாள். மூச்சைத் தவிர ஒன்றுமில்லை. தன் காதில் கேட்கும் நடையைவிட அந்த அமைதிதான் அவளை நடுங்க வைத்தது.

தசராவுக்கு ஊர் நிறைய ஜனம் வந்திருந்த சமயம். குதிரையைப் பூட்டிக்கொண்டிருந்தவன் சட்டென்று நின்றான். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

"அம்மிணி, இந்தக் கை என்னுதில்லை" என்றான் குழறலாக. அப்படியே சக்கரத்தோரம் சரிந்தான். பொழுது சாய்வதற்குள் உயிர் போய்விட்டது.

ராமக்காள் உப்பை விட்டது விட்டதுதான். அடுத்த வருஷத்துக்குள் அவள் காதில் நடை ஓய்ந்துபோனது. அவள் அதற்காகச் சந்தோஷப்படவில்லை. மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போய், குழாயிலிருந்து கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருப்பாள். இறங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னாலும் இன்னொரு தரம் பார்க்கச் சொல்வாள்.

அப்படியே வெகுகாலம் இருந்தாள். தனக்கு ஒரு நோவும் இல்லை என்று யாராவது சொன்னால் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்து சிலர் வேறு தெரு வழியாகப் போனார்கள். சிலர் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.