சமாதானம் சொல்லாத அம்மா

மின்வாரியப் புகார்ப் பிரிவில் அவளுக்குத் தொலைபேசி வேலை. கரண்ட் போனவர்கள் கத்துவார்கள். இவள் நாள் முழுக்க, "சரியாயிடும் சார், கவலைப்படாதீங்க" என்பாள். தொண்டை வறண்டு வீடு திரும்பினால், அதே வார்த்தைக்காக மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் வாசலில் காத்திருப்பாள்.

"உனக்கு ஒண்ணும் ஆகாதில்லம்மா?"

"ஒண்ணும் ஆகாதுடா கண்ணு."

அந்தப் பதில் கொஞ்ச நேரம்தான் தாங்கும். சோறு பிசையும்போது மறுபடி கேட்பாள். குளியலறைக் கதவைத் தட்டிக் கேட்பாள். காலையில் பள்ளிக்கூட வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். டாக்டர் வயிற்றில் கோளாறில்லை என்றார். பக்கத்துவீட்டு நாத்தனார், "செல்லம் குடுத்துக் கெடுத்துட்ட. நாலு போடு போட்டா எல்லாம் ஓடிடும்" என்றாள். கணவன் லாரி ஓட்டுபவன். ஊர் ஊராகப் போகிறவன், போனில், "பாத்துக்கோ" என்பதோடு சரி.

கடைசியில் பள்ளிக்கூடமே ஒரு ஆலோசகரிடம் அனுப்பியது. சளியோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த அந்த அம்மாள் குழந்தையிடம் கேட்டாள்: "அம்மா வர லேட்டானா உன் மனசு என்ன சொல்லுது?"

"பஸ் மோதிடுச்சுன்னு சொல்லும்."

"மனசு சொன்னா அது நிஜமாயிடுமா? வேற என்னவா இருக்கலாம்?"

குழந்தை யோசித்தாள். "மேனேஜர் புடிச்சு வெச்சுத் திட்டிட்டு இருப்பாரு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரும்பாலும் நடப்பது அதுதான்.

பிறகு ஆலோசகர் அம்மாவிடம் திரும்பினாள். "நீங்க சமாதானம் சொல்லச் சொல்ல, பயம் இன்னும் கேட்டுக்கிட்டேதான் இருக்கும். இனிமே பதில் சொல்லாதீங்க. 'நீ என்ன நினைக்கிற?'ன்னு திருப்பிக் கேளுங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா, சொன்ன நேரத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்து பழக்குங்க. அவகிட்ட முன்னாடியே சொல்லிட்டுத்தான்."

"கல்நெஞ்சுக்காரின்னு நினைச்சுக்க மாட்டாளா மேடம்?"

"நினைப்பா. கொஞ்ச நாளைக்கு."

முதல் ஒத்திகை ஒரு விடுமுறை நாளில். நாத்தனாரைத் துணைக்கு வைத்து, சமாதானம் சொல்ல வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, மகளிடம் லேட்டாகத்தான் வருவேன் என்று சொல்லி, போனை மேசைமேல் வைத்துவிட்டு அம்மா மாடியிலிருந்து இறங்கினாள். தெருமுனை டயர்க்கடை ஓரம் நின்றாள். மேலே ஜன்னலிலிருந்து மகளின் அழுகை இறங்கி வந்தது. டயர்க்கடைக்காரர் ஸ்டூலை நகர்த்திப்போட்டு, "உடம்பு சரியில்லையாம்மா?" என்றார். மகளிடமே திரும்பி ஓடிவிடலாம்போல இருந்தது. உட்கார்ந்தாள். அழுகை ஏறியது, தேய்ந்தது, மறுபடி ஏறியது. பிறகு நின்றது. அந்த அமைதி அழுகையைவிட மோசமாக இருந்தது.

மேலே போனபோது மகள் முகம் வீங்கிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். "நீ ரொம்ப மோசம்" என்றாள். நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அடி கொடுக்கச் சொன்னவள் அவள்தான்.

அப்படியே மாதங்கள் போயின. ஒத்திகைகள் நீண்டன. நடுவில் காய்ச்சல் வந்து மகள் ஒரு வாரம் வீட்டில் படுத்தாள். எழுந்ததும் வயிற்றுவலி, வாசலில் உட்காருவது எல்லாம் பழையபடி தொடங்கின. ஆலோசகர் முகம் சுளிக்கவில்லை. "இப்படித்தான் வரும். மறுபடி ஆரம்பிங்க" என்றாள். அம்மா பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அழக்கூடத் தெம்பில்லை. மறுநாளே மறுபடி ஆரம்பித்தாள்.

மழைக்காலத்தில் ஊரெங்கும் கரண்ட் போன ஒரு சாயங்காலம், புகார்கள் குவிந்து அவள் நிஜமாகவே தாமதமானாள். முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. நனைந்து ஓடிவந்து கதவைத் தள்ளினாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மகளும் நாத்தனாரும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"பயந்தியாடி?"

"பயந்தேன். அப்புறம், ஊர்ல எல்லாருக்கும் கரண்ட் போயிருக்கு, எல்லாரும் உன்னைத்தான் திட்டிட்டு இருப்பாங்கன்னு நினைச்சேன்." மகள் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அத்தை ஏமாத்தறாங்கம்மா."

யாரும் ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. அது அவளுக்குக் கொஞ்சம் வலிக்கவும் செய்தது. ஈரப்புடவையோடு நாற்காலியில் சரிந்தவள், அவர்கள் சண்டையைக் கேட்டபடியே தூங்கிப்போனாள்.