கிம்ச்சிப் பெட்டியில் ஓர் ஊசி

"உலகத்துல எதுவும் கெட்டுப்போகாத இடம் ரெண்டுதான். ஒண்ணு சொர்க்கம். இன்னொண்ணு நான் விக்கிற கிம்ச்சிப் பெட்டி. இதுல சொர்க்கத்துக்கு வாரண்டி கிடையாது."

குவாங்ஜு நகரின் சந்தைத் தெருவில் வீட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் பியோ தோங்மான், முப்பது வருஷமாக இப்படித்தான் வியாபாரத்தைத் தொடங்குகிறார். சொல்லும்போது வலது கை பெட்டியின் மூடிமேல் இருக்கும், கோர்ட்டில் சத்தியம் செய்கிற மாதிரி. உப்பும் மிளகாயும் போட்டுப் புளிக்கவைக்கும் முட்டைக்கோஸ் கிம்ச்சியை மாதக்கணக்கில் வைக்கவென்றே செய்த ஃப்ரிட்ஜ் அது.

"இதுல எதை வெச்சாலும் வெச்ச மாதிரியே இருக்கும். மீனை வைங்க, இறைச்சியை வைங்க, மாமியார் மேல இருக்கிற கோபத்தை வைங்க. அடுத்த வசந்தத்துல எடுத்துப் பாருங்க, சூடு ஆறாம இருக்கும்!"

வந்த பெண்கள் சிரித்து முடிப்பதற்குள் விஞ்ஞானத்துக்குத் தாவிவிடுவார். "தண்ணி எதுல உறையும்? சைபர்ல. இந்தப் பெட்டி எதுல நிக்குது? சைபருக்குக் கீழ ஒண்ணரைல. அப்ப உள்ள இருக்கிற கிம்ச்சி உறையணுமா இல்லையா? உறையாது! ஏன்? உப்பு! உப்புதாம்மா காவல்காரன்."

எதிர்க்கடையில் நெத்திலிக் கருவாடு விற்கும் எனக்கு இந்தப் பிரசங்கம் மனப்பாடம். அவர் "உப்பு!" என்று உயர்த்தும் இடத்தில் என் தலை தானாக ஆடும்.

ஊருக்கெல்லாம் கெடாமல் வைக்கும் வித்தை சொன்னவரிடம் கெட்டுப்போனது ஒன்றே ஒன்றுதான்: இடது முட்டி. லிஃப்ட் இல்லாத பழைய குடியிருப்புகளில் நான்காம் மாடி, ஐந்தாம் மாடி என்று பெட்டிகளை முதுகில் கட்டிச் சுமந்து தேய்த்த முட்டி. பெட்டியோடு சேர்த்து அவருடைய உடம்பையும் அது சுமந்தது. அந்த உடம்பு நூற்றுப் பதினெட்டு கிலோ. எங்கள் தெருவில் அதைவிட எடையான பொருள் ஒன்று உண்டு; அது இரண்டு கதவு ஃப்ரிட்ஜ்.

"முட்டியை மாத்திடலாம்," என்றார் எலும்பு டாக்டர். "ஆனா இந்த எடையை மேல ஏத்தினா புது முட்டியும் சீக்கிரமே பழசாயிடும். நூறு கிலோவுக்குக் கீழ வாங்க. நவம்பர் கடைசில உங்களுக்குன்னு ஒரு கட்டில் ஒதுக்கி வைக்கிறேன்."

எடை இறங்கினால்தான் கட்டில். கட்டில் கிடைத்தால்தான் முட்டி. முட்டி இருந்தால்தான் மாடி, மாடி ஏறினால்தான் கடை. அவர் மனைவி ஹேசூக் இதைத் தினமும் சோற்றுக் கிண்ணத்தை வைக்கும்போது ஒருமுறை, எடுக்கும்போது ஒருமுறை சொன்னாள். அவர் இரண்டு தரமும் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டே கேட்டார்.

அந்த ஏப்ரலில் ஊரே ஊசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. சாப்பிட்டால் நம் குடல் ஒரு ஹார்மோனைச் சுரந்து மூளைக்கு 'போதும்' என்று சொல்லி அனுப்புமாம். ஊசி அந்த ஹார்மோனைப் போல வேஷம் கட்டிக்கொண்டு போய், அதே சேதியை உரக்கச் சொல்லுமாம். தோங்மானின் குடல் பிறந்ததிலிருந்து ஊமை. ஆகவே அவரும் ஊசி என்று தீர்மானித்தார்.

ஆனால் எந்த ஊசி? சாமான் விற்கிறவர் எதையும் ஒப்பிடாமல் வாங்குவாரா? சந்தையில் கண்டவர்களையெல்லாம் பிடித்து விசாரித்தார். முடிவெட்டும் கடைக்காரர் தினமும் போடும் ஊசியைப் பாராட்டினார். பாத்திரக்கடை அம்மாள் வாரத்துக்கு ஒருமுறை போடுவதுதான் உத்தமம் என்றாள். அவளுடைய மருமகள், இரண்டு ஹார்மோன் வேஷத்தை ஒரே ஊசி கட்டும் புது ரகம் வந்திருக்கிறது, மற்றதெல்லாம் பழசு என்றாள். மூவரும் மற்ற இருவரையும் முட்டாள் என்றார்கள். அதில் மட்டும் கருத்து ஒற்றுமை இருந்தது.

தோங்மான் என்னிடம் தீர்ப்புச் சொன்னார்: "தம்பி, விஷயம் ரொம்ப சிம்பிள். தினம் போடறது கையால சுத்துற வாஷிங் மெஷின். வாரத்துக்கு ஒண்ணு ஆட்டோமேட்டிக். ரெண்டு ஹார்மோன் ஊசி டபுள் டோர்."

கிளினிக் டாக்டரம்மாவிடமும் இதையே சொல்லியிருக்கிறார். அந்த அம்மா பொறுமைசாலி. "வாராந்தர ஊசி ரெண்டுமே நல்லா வேலை செய்யும். சராசரியா பார்த்தா ரெண்டு ஹார்மோன் ஊசில கொஞ்சம் கூடுதலா இறங்குது. உங்களுக்கு எது ஒத்துக்கும்னு போட்டாத்தான் தெரியும். எதுவா இருந்தாலும் சின்ன அளவுலேர்ந்து படிப்படியாத்தான் ஏறணும். நடுவுல விட்டுப்போச்சுன்னா எங்கிட்ட கேக்காம தொடரக் கூடாது. சில சமயம் முதல் படிலேர்ந்தே ஆரம்பிக்க வேண்டியிருக்கும்."

"சராசரின்னா என்னம்மா அர்த்தம்? நான் என்ன சராசரி ஆளா?"

"எடையிலயா கேக்கறீங்க?" என்றாள் ஹேசூக்.

முதலில் ஒற்றைக் கதவு, அதாவது ஒரு ஹார்மோன் வாராந்தர ஊசி. மோக்போ ஊரில் இருக்கும் மச்சினி ஹேரானும் அதையே போடத் தொடங்கியிருந்தாள். ஒரே மருந்தில் மச்சினியிடம் தாம் தோற்க முடியாது என்பது அவர் கணக்கு.

பேனா வடிவத்தில் மருந்து அடைத்த ஊசி, அதாவது ஊசிப் பேனா, வீட்டுக்கு வந்தது. ஹேசூக் அதைச் சமையலறை ஃப்ரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். தோங்மான் பதறிவிட்டார்.

"இது என்ன டோஃபுவா, நாளைக்குக் காலி பண்றதுக்கு? இந்தக் கதவை நாளைக்கு நாப்பது தடவை திறக்கறே. குளிர் ஏறுது, இறங்குது. இவ்வளவு ஒசத்தி மருந்தை முட்டைகிட்ட வைக்கறியே!"

எடுத்துக்கொண்டு போய், பின்கட்டில் இருக்கும் தம் கிம்ச்சிப் பெட்டியில், குளிரைப் 'பலம்' என்ற இடத்துக்குத் திருகி, பெட்டியின் உள்சுவரை ஒட்டிப் படுக்கவைத்தார். மருந்து அட்டையில் பனிப்பூ படம் போட்டுக் குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. முப்பது வருஷமாக அவர் விற்ற பெட்டிகளில் அப்படியொரு படம் இருந்தால், 'பனி கட்டாத ரகம்' என்று பொருள்.

"பார்த்தியா? கம்பெனிக்காரனே போட்டிருக்கான். பனி கட்டாத ஊசி!"

ஞாயிறுதோறும் காலையில் பேனாவை எடுப்பார். மேலே வெள்ளையாகப் பனி பூத்திருக்கும். அதை ஹேசூக்கிடம் காட்டி, "இது குளிர்!" என்பார். வெயில் பட்டு வெதுவெதுப்பான தரையில் போட்டுவிட்டுக் காலைச் சாப்பாட்டை முடிப்பார். பிறகு வயிற்றைக் கிள்ளிக் குத்திக்கொள்வார். பிறகு மதியச் சாப்பாட்டுக்குக் காத்திருப்பார்.

ஒரு மாதம் ஆயிற்று. மோக்போவிலிருந்து ஹேரான் அழுதாள்: "அத்தான், குமட்டல் தாங்கலை. மீன் வாசனை வந்தா ஓடறேன். அரைக் கிண்ணம் சோறு இறங்கலை."

"எனக்கு ஒண்ணுமே இல்லையே! நேத்து நாலு பேர் சாப்பிடற பன்னிக்கறியை நான் ஒருத்தனே முடிச்சேன்."

"அப்புறம் எதுக்கு அத்தான் ஊசி?"

"அது வேற, இது வேற. பக்கவிளைவு எனக்கு ஏன் இல்லை தெரியுமா? எல்லாம் பெட்டி ராசி. நீ முட்டைகிட்ட வெச்சு முட்டை நாத்தத்தை ஏத்திக்கிட்டே."

அளவு கூட்டப்பட்டது. எடை இறங்கவில்லை. தராசில் கோளாறு என்று கடையிலிருந்து புதுத் தராசு வந்தது; அது பழைய தராசைவிட அரைக் கிலோ கூடக் காட்டியது. அதைக் கடைக்கே அனுப்பி, சலுகை விலையில் விற்றுவிட்டார். ஜூலையில் டபுள் டோருக்கு மாறினார். அந்தப் பேனாவும் அதே பெட்டிக்கு, அதே சுவரோரத்துக்குப் போனது. செப்டம்பரில் ஒரு கிலோ இறங்கியது. மூன்று நாள் ஊரெல்லாம் சொன்னார். நான்காம் நாள் அது திரும்பி வந்தது, தங்கையோடு.

கடையில் அவர் பக்கம் போகவே பயமாக இருந்தது. ரைஸ் குக்கர் விலை கேட்டவரிடம் மருந்துக் கம்பெனிகளைத் திட்டினார். "ஒத்தை ஹார்மோனும் தண்ணி, ரெட்டை ஹார்மோனும் தண்ணி! ரெண்டையும் நான் உடம்புல போட்டு ஒப்பிட்டுப் பார்த்தவன் சொல்றேன். ஒரு வித்தியாசமும் கிடையாது!"

அவர் செய்த ஒப்பீட்டில் வித்தியாசம் இல்லாததுதான் உண்மை. நியாயமான ஆராய்ச்சி, இரண்டு மருந்தையும் சரிசமமாக நடத்தியிருந்தார்.

அக்டோபரில் டாக்டரம்மாவுக்கே தலை சுற்றியது. குத்துகிற முறையைப் பார்த்தார், சரி. சர்க்கரை, தைராய்டு பார்த்தார், அவையும் சரி. கடைசியில் தயங்கித் தயங்கி, "மருந்தை ஃப்ரிட்ஜ்ல ஒழுங்காத்தானே வைக்கறீங்க?" என்று கேட்டார்.

தோங்மான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். முட்டி இருந்த நிலையில் அது சாதாரண கோபம் அல்ல.

"யாரைப் பார்த்தும்மா கேக்கறீங்க? இந்த ஊர்ல பாதி வீட்டு ஃப்ரிட்ஜ் நான் வெச்சது. உங்க வீட்டு ஃப்ரிட்ஜே என் கடையில வாங்கினது!"

டாக்டரம்மா மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். தோங்மான் அதை ஏற்றுக்கொண்டார்.

நவம்பர் மூன்றாம் வாரம் அவர் வீட்டில் குளிர்காலக் கிம்ச்சி போடும் நாள். அடுத்த வாரம் எலும்பு டாக்டரைப் பார்க்க வேண்டும். தராசு நூற்றுப் பத்தொன்பதில் நின்றது. முற்றத்தில் உப்பில் ஊறிய முட்டைக்கோஸ் மலையாகக் கிடந்தது. பெண்கள் சிவப்புக் கையுறையோடு மிளகாய் விழுது தடவிக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்ததும் வேகவைத்த பன்றிக்கறி உண்டு என்பதால் நானும் உதவிக்குப் போயிருந்தேன்.

ஹேரான் வந்து இறங்கினாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"அடியே, காத்துல பறந்து வந்தியா, பஸ்ல வந்தியா?" என்றாள் ஹேசூக்.

"குமட்டிக்கிட்டே வந்தேன்க்கா." ஹேரான் அத்தானைப் பார்த்தாள். வாய் திறக்கும்முன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அத்தான்... நல்லா இருக்கீங்க."

இதைவிட அவள் திட்டியிருக்கலாம். அவர் முகம் மிளகாய் விழுதின் நிறத்துக்குப் போயிற்று. பேச்சை மாற்ற, கிம்ச்சிப் பெட்டியைத் திறந்து, போன மாதம் போட்ட முள்ளங்கித் தண்ணீர்க் கிம்ச்சியை ஒரு கிண்ணத்தில் மொண்டு வந்தார். மேலே கண்ணாடித் தகடுபோல மெல்லிய ஐஸ். பெண்கள் "ஆகா" என்றார்கள். அந்த ஒரு சொல் போதும் அவருக்கு.

"எப்படி இந்த ஐஸ்? கேளுங்க. முட்டைக்கோஸ் கிம்ச்சில உப்பு ஜாஸ்தி. அது உறையாது. இதுல உப்பு கம்மி. அதனால மேல மட்டும் லேசா ஏடு கட்டுது. எல்லாம் உப்பு! உப்புதான் காவல்காரன்!"

என் தலை ஆடியது.

ஹேரான் கிண்ணத்தை வாங்கி ஒரு வாய் குடித்தாள். "உப்பே இல்லாத சாமானா இருந்தா அத்தான்?"

"உப்பே இல்லேன்னா சுவரோரமா வெச்ச ஒரே ராத்திரில கல்லு மாதிரி உறைஞ்சு..."

நிறுத்திவிட்டார்.

அவர் பேச்சு பாதியில் நின்று நான் பார்த்ததே இல்லை. பின்கட்டுப் பக்கம் திரும்பினார். பெட்டியைப் பார்த்தார். பனிப்பூவும் அதன்மேல் இழுத்த கோடும் அப்போதுதான் அவருக்கு 'உறைய விடாதே' என்று படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். உறைந்து உருகிய ஊசி குப்பைக்குத்தான் என்று மருந்துக்கடையில் சொன்னதும், டாக்டரம்மா அவரை மறுபடி முதல் படியில் நிறுத்தியதும், முட்டிக்கான கட்டில் அடுத்த கோடைக்குத் தள்ளிப்போனதும் அதற்குப் பிந்திய கதை. அந்த நிமிஷத்தில் அவர் வாயைத் திறந்தபடி, கையில் கரண்டியோடு நின்றார். கரண்டியிலிருந்து தண்ணீர் முட்டியில் சொட்டியது.

"என்னங்க, விஞ்ஞானம் பாதியில நிக்குது?" என்றாள் ஹேசூக்.

"ஒண்ணுமில்லை. பன்னிக்கறி வெந்துதா பாரு."

ஹேரான் தன் பையிலிருந்து ஒரு சின்னக் குளிர்ப்பையை எடுத்தாள். "அத்தான், நாலு நாள் இங்கதான் இருக்கப்போறேன். என் பேனாவையும் உங்க பெட்டியிலயே வைங்க. புதுசு, இன்னும் பிரிக்கலை. உங்களுக்கு ஒரு நாள்கூடக் குமட்டலையே! பெட்டி ராசி எனக்கும் கொஞ்சம் ஒட்டட்டும்."

பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பிரசங்கத்துக்காகக் காத்தார்கள். நானும் காத்தேன். ஹேசூக் எழுந்துபோய், கிம்ச்சிப் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். குளிர் புகையாக மேலே எழுந்தது.

தோங்மான் பேனாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முட்டைக்கோஸ் மலையைச் சுற்றி, இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். திறந்திருந்த பெட்டியருகே வந்தார். அதைக் கடந்து போனார். சமையலறை ஃப்ரிட்ஜைத் திறந்து, முட்டைத் தட்டை ஒரு விரலளவு தள்ளி, அதன் பக்கத்தில் பேனாவை வைத்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.