மியோக் முத்திரை குத்தாத நாலு தாள்கள்

பியோ மியோக் குரலை உயர்த்தினால் எங்கள் ஊர் குன்சான் துறைமுகத்தில் நிற்கிற கப்பல் தானாகவே நங்கூரத்தைத் தூக்கிக்கொள்ளும். நம்பாதவர்கள் எங்கள் ஆஸ்பத்திரியின் ஐந்தாவது மாடிக்குப் போய் விசாரிக்கலாம். ஒருநாள் அவள் அங்கிருந்து, "டாக்டர், உடனே நிறுத்துங்க!" என்று கத்தியதில், மூன்றாவது மாடியில் இருந்த வேறொரு டாக்டரும் கையில் இருந்ததை நிறுத்திவிட்டார். அவர் கையில் இருந்தது நூடுல்ஸ்.

பத்தொன்பது வருஷம் நர்ஸாக வார்டில் நின்றவள். அவளைப் பிடித்து, புதிதாகச் சேரும் நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் போட்டார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் அப்படியொரு பதவி அதுவரை கிடையாது. கூட வேலை பார்த்தவர்களுக்கு வயிறு எரிந்தது.

"நைட் டூட்டி இல்ல, மலப்பாத்திரம் தூக்க வேணாம். ராணியம்மாவுக்கு நாற்காலி கெடைச்சிருச்சு" என்றாள் ஊ சுன்யோங். ஐந்தாவது மாடியின் மூத்த நர்ஸ் அவள்தான்.

"நாற்காலி வேணுமா? தூக்கிட்டுப் போடி. எனக்கு உக்கார நேரமில்ல" என்றாள் மியோக்.

பதவியை ஏற்கும்போது அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். புதியவளுக்குப் பத்து வாரம் பயிற்சி. அதன் பிறகு, "இவள் தனியாக நோயாளியைப் பார்க்கலாம்" என்ற தாளில், கையெழுத்து மாதிரி, மியோக்கின் பெயர் பொறித்த முத்திரை விழ வேண்டும். விழாமல் எவளையும் தனியாக விடக் கூடாது. நர்ஸிங் இயக்குநர் குக் ஹ்யாங்சுக் தலையை ஆட்டிச் சம்மதித்து, விதியில் கையெழுத்தும் போட்டார். அந்த வாரம் ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. அந்த நேரத்தில் யார் எதைக் கேட்டிருந்தாலும் அவர் தலையை ஆட்டியிருப்பார்.

நான் அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வீட்டில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தவள். மியோக் போன் போட்டாள். "அக்கா, உங்கள மாதிரி முனகறதுக்கு இந்த ஊர்ல ஆளில்ல. பயிற்சி அறைக்கு வந்து நோயாளியா படுங்க. மதியச் சாப்பாடு உண்டு." போனேன். வசந்தத்துக்கும் முதல் பனிக்கும் நடுவில் நாற்பத்து மூன்று நோய்களில் செத்தேன். இரண்டு பிரசவமும் பார்த்தார்கள். அதில் ஒன்று இரட்டை.

அவளுடைய பயிற்சி அறையில் ஒரு விதி உண்டு. "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு யாரும் நகர முடியாது. "சரிங்க, இந்த மருந்தை, இவ்வளவு, இந்த வழியா, இவ்வளவு நேரத்துல குடுக்கப் போறேன்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் கேட்க வேண்டும். ஒருநாள் முழுக்க எதுவுமே கேட்காதவளைச் சாயங்காலம் பிடித்து நிறுத்துவாள். "உனக்கு எல்லாம் தெரிஞ்சிருச்சா? எனக்கே இன்னும் தெரியலையேம்மா!"

இதற்கெல்லாம் விதி எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் வார்டுகளில் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். நாங்கள் ஒருவரையொருவர் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவோம். சொல்லித்தருகிறவர்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக "எரிப்போம்". எங்கள் தொழிலில் அதற்குப் பெயரே அதுதான். புதியவள் எதையாவது கேட்டால், "இதுகூடத் தெரியாமத்தான் பட்டம் வாங்கினியா?" என்று நோயாளிகள் முன்னால் வைத்துச் சாம்பலாகும்வரை திட்டுவது. எரிந்தவள் மூன்று வருஷம் கழித்து அடுத்தவளை எரிப்பாள். அதனால் எந்தப் புதியவளும் கேட்க மாட்டாள். எது சொன்னாலும் "சரிங்க", "சரிங்க".

மியோக்கை முதல் வருஷம் எரித்தது யார் என்று கேட்டால் நான் பொய் சொல்லப் போவதில்லை. நான்தான். கேஸ் அட்டையைத் தூக்கி அவள் மேல் வீசினேன். என் கதைகளில் பாதி புளுகு. இது அந்தப் பாதியில் சேராது.

பனிக்காலத்தில் காய்ச்சல் பரவியது. ஐந்தாவது மாடியில் கட்டில் இல்லாமல் நடைபாதையிலும் ஆட்களைப் படுக்கவைத்தார்கள். ஒரே வாரத்தில் மூன்று நர்ஸுகள் வேலையை விட்டுப் போனார்கள். அப்போது மியோக்கிடம் பயிற்சியில் நான்கு பெண்கள் இருந்தார்கள். நான்கு பேருக்கும் ஐந்தாவது வாரம். பாதி நாள் பயிற்சி அறை, பாதி நாள் வார்டு.

அந்த நால்வரில் தோ யோஜின் கெட்டிக்காரி, பயந்த சுபாவம். ஒரு மதியம் ஓட்டமும் நடையுமாகப் போன சுன்யோங், "ஏழாம் கட்டிலுக்குப் பொட்டாசியம் போடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். யோஜின், "சரிங்க" என்றாள். பாட்டிலில் கலந்து சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டிய மருந்து அது. நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுபோகும். யோஜின் அதை ஊசியில் ஏற்றி, நரம்புக் குழாயின் வாயருகே கொண்டுபோய்விட்டாள். தற்செயலாக அந்தப் பக்கம் வந்த மியோக் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கத்தவில்லை. கப்பல்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே நின்றன.

"பாட்டில்லயா நரம்புலயான்னு தெரியலன்னு அவங்ககிட்ட ஏம்மா கேக்கல?"

"கேட்டா... திட்டுவாங்க டீச்சர்."

ஏழாம் கட்டில் கிழவருக்கு எதுவும் தெரியாது. அவர் பேரிக்காய் தின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் இயக்குநர் குக் பயிற்சி அறைக்கே வந்தார். நான் ஒரு கையில் ஊசி குத்திப் பழகும் ரப்பர்த் தோலைக் கட்டிக்கொண்டு நிமோனியாவில் கிடந்தேன். எழுந்து வணங்குவதா, நோயாளியாகவே கிடப்பதா என்று யோசித்து, கிடந்தேன். நோயாளி முன்னால் ஜனங்கள் எதையும் பேசுவார்கள்.

"மியோக் டீச்சர், அஞ்சு வாரம் போதும். நாலு பேருக்கும் முத்திரை குத்துங்க. திங்கக்கிழமையிலேர்ந்து வார்டுக்கு ஆள் வேணும்."

"பத்து வாரம்னு பேசியிருக்கோம் மேடம்."

"அப்ப காய்ச்சல் இல்ல."

"காய்ச்சல் நேரத்துல பொட்டாசியம் மெதுவா வேலை செய்யுமா மேடம்?"

இயக்குநரின் முகம் சிவந்தது. "நீங்க ரொம்பப் பெரிய ஆளாயிட்டீங்க. நாங்கல்லாம் ஒரே வாரத்துல கத்துக்கிட்டோம். செத்தா போயிட்டோம்?"

"நாம சாகல. நம்ம கையில யாரு செத்தாங்கன்னு யாரும் எழுதி வைக்கல."

நான் இருமினேன். நிமோனியாவுக்காக அல்ல.

மியோக் மேசை இழுப்பறையைத் திறந்து நாலு தாள்களையும் எடுத்து வரிசையாக வைத்தாள். பக்கத்தில் சிவப்பு மை டப்பாவைத் திறந்து வைத்தாள். "இவங்க தயார்னு உங்களுக்குத் தோணுதுன்னா உங்க முத்திரையைக் குத்துங்க மேடம். உங்க பேரு, உங்க பொறுப்பு. நான் குறுக்க வரமாட்டேன்."

இயக்குநரின் கை கைப்பை வரை போனது. முத்திரை அதற்குள்தான் இருந்தது, எனக்குத் தெரியும். கைப்பையின் பட்டன் திறந்தது, மறுபடி மூடியது.

"அது உங்க வேலை."

"என் வேலைன்னா என் பதில் இதுதான். குத்த மாட்டேன்."

"அப்படின்னா திங்கக்கிழமையிலேர்ந்து பயிற்சிப் பதவியே கெடையாது. அஞ்சாவது மாடிக்குப் போங்க. சுன்யோங் சொல்ற ஷிப்ட்ல நில்லுங்க."

"போறேன். முத்திரை இல்லாதவங்க தனியா நிக்க முடியாதுங்கறது நீங்க கையெழுத்துப் போட்ட விதி. நான் போற எடத்துக்கு நாலு பேரும் வருவாங்க."

திங்கட்கிழமை மியோக் வார்டு உடுப்பில் ஐந்தாவது மாடிக்குப் போனாள். பின்னால் நான்கு பெண்கள், வாத்துக் குஞ்சுகள் மாதிரி. நானும் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. நடைபாதைக் கட்டில்களுக்குச் சூடான பார்லி டீ கொடுக்கும் சாக்கில் புகுந்துவிட்டேன். மியோக் இரண்டு ஆள் வேலை பார்த்தாள். பார்த்துக்கொண்டே ஒவ்வொரு கட்டிலிலும் பாடம் நடத்தினாள், மாடி முழுக்கக் கேட்கும்படி. மூன்றாம் நாள் நோயாளிகளே கேட்க ஆரம்பித்தார்கள். "ஏம்மா, இது என்ன மருந்து, எவ்வளவு நேரம் ஏறும்? திருப்பிச் சொல்லு பாப்போம்!" நாலாம் நாள் சமையலறையிலிருந்து வந்த கஞ்சிகூடத் தன் பெயரையும் அளவையும் சொல்லிவிட்டுத்தான் கிண்ணத்தில் இறங்கியது. இது புளுகு. மற்றது அல்ல.

ஏழாவது வாரம். சுன்யோங் ரத்தப் பையொன்றை யோஜினின் கையில் திணித்தாள். "சீக்கிரம் ஏத்து. ரெண்டு பேர் சரிபாக்கறதுக்கெல்லாம் இப்ப நேரமில்ல."

யோஜின் நின்றாள். காது நுனி சிவந்தது. மியோக் நான்கு கட்டில் தள்ளி ஒருத்தரைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் டீக் கெட்டிலைக் கீழே வைத்தேன்.

"தனியா ஏத்த மாட்டேன் டீச்சர்" என்றாள் யோஜின். குரல் நடுங்கியது, ஆனால் வெளியே வந்தது. "நீங்க வந்து பேரையும் நம்பரையும் படிங்க. நான் திருப்பிச் சொல்றேன்."

"யாருக்குடி பாடம் எடுக்கற?"

"திட்டுங்க டீச்சர். திட்டி முடிச்சிட்டுப் படிங்க."

சுன்யோங் அவளை முறைத்தாள். பிறகு பையை வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, நோயாளியின் பெயரைப் படித்தாள். யோஜின் திருப்பிச் சொன்னாள். நம்பரைப் படித்தாள். யோஜின் திருப்பிச் சொன்னாள்.

ஒன்பதாவது வாரம் மாடி போனில் இயக்குநர் கூப்பிட்டார். காய்ச்சல் தணிந்திருந்தது, அவர் குரலும் தணிந்திருந்தது. அடுத்த மாதம் இன்னும் ஆறு பேர் சேருகிறார்கள், பயிற்சி அறையை மறுபடி திறக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். அதற்கு முன் அந்த நாலு தாள்களை மட்டும் இன்றைக்கே முடித்து அனுப்பிவிட்டால் நன்றாக இருக்கும் என்றார்.

"இன்னும் ஒரு வாரம் இருக்கு மேடம்" என்றாள் மியோக்.

சொல்லிவிட்டு, இயக்குநர் வைப்பதற்கு முன்பே போனை வைத்தாள். நாற்பது வருஷத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் எவரும் செய்யத் துணியாதது அது. ஊசி போட்டுக்கொண்டிருந்த சுன்யோங்கே நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன பாக்கற? மருந்து ஏத்து" என்றாள் மியோக்.