பூட்டிய வீட்டில் யாரோ போனை எடுத்தார்கள்

பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைச் சோதிக்கும் வேலை எனக்கு. அங்கே கற்ற பைத்தான் நிரல்மொழியை நம்பி, ஆயர் ஈத்தாமில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் இண்டர்காம் போன்களைச் சோதித்துத் தருவதாக ஒப்புக்கொண்டேன்.

நிரல் சின்னது. மாடிகளுக்கு ஒரு பட்டியல், வீட்டு எண்களுக்கு ஒரு பட்டியல். வெளிச் சுழற்சி ஒரு மாடியை எடுக்கும். அதற்குள் இருக்கும் உள் சுழற்சி அந்த மாடியின் எல்லா வீடுகளுக்கும் வரிசையாக மணி அடிக்கும். கடைசி வீடு முடிந்த பிறகுதான் அடுத்த மாடி. யாராவது எடுத்தால் திரையில் 'சரி' என்று விழும். எடுக்காவிட்டால் 'பதில் இல்லை'.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், காவலாளி அறையில் உட்கார்ந்து நிரலை ஓட்டினேன். மலைப் பக்கமிருந்து மழை இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் மாடியின் நான்காம் வீட்டுக்கு 'சரி' விழுந்தது.

திரையைப் பார்த்த காவலாளி, "அந்த வீடு பூட்டிக் கெடக்கே. அந்த அக்கா தவறினதிலேர்ந்து யாரும் வர்றதில்ல லா," என்றார்.

நிரலை அந்த இணைப்பிலேயே நிறுத்திவிட்டு, அறையிலிருந்த இண்டர்காம் ரிசீவரைக் காதில் வைத்தேன். யாரோ மூச்சு வாங்கினார்கள், இழுத்து இழுத்து.

"ஹலோ," என்றேன். மூச்சு ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

பட்டர்வொர்த்தில் இருக்கும் அந்த அம்மாவின் மகனைக் கூப்பிட்டோம். சாயங்காலம் சாவியோடு வந்தார். மூவரும் மேலே போனோம். வீட்டுக்குள் யாருமில்லை. போன் மேல் படிந்த தூசியில் ஒரு விரல் தடம்கூட இல்லை.

"என்னக்கா கேட்டுச்சு?" என்று மகன் என்னிடம் கேட்டார்.

"மூச்சு மட்டும்தான் தம்பி."

அவர் போன் அருகே போய் நின்றார். "அம்மாவுக்கு ஆஸ்துமா. இன்னொரு தடவ அடிங்கக்கா. இந்த வீட்டுக்கு மட்டும். நான் இங்கயே இருக்கேன்."

கீழே வந்து, மாடிப் பட்டியலில் ஒன்பதையும் வீட்டுப் பட்டியலில் நான்கையும் மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டினேன். 'சரி' என்று விழுந்தது. அவர்தான் எடுத்தார் என்று நிம்மதியானேன்.

கொஞ்ச நேரத்தில் அவரே இறங்கி வந்தார்.

"ஏங்க்கா அடிக்கல? போன் பக்கத்துலயே நின்னேனே."

திரையை அவர் பக்கம் திருப்பினேன். அதிலிருந்த 'சரி'யைப் பார்த்தார்.

அந்த இணைப்பைத் துண்டித்துவிடலாம் என்றது குடியிருப்புக் குழு. மகன் துண்டிக்க வேண்டாம் என்றார். நானும் அந்த எண்ணைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. ஒவ்வொரு சோதனையிலும் ஒன்பதாம் மாடி வந்ததும் திரையைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.